தகரப் பெட்டியிலே நம் வரலாறு



வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு ஓடி, மரத்தோடும் மண்ணோடும் மல்லாடியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறிய திருநாள். அன்று வாசலில் கோலம் சற்றுப் பெரிதாக விழும். வேலியோரத்துச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சாமி படத்துக்குப் போகும். மல்லிகை அம்மாவின் மடியில் சரமாகும். புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு வெயிலில் காயும். வீட்டுப் பெரியவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மறுபடியும் அடுக்குவார். தோட்டத்து லயங்களில் மட்டுமல்ல, தோட்டம் போன பிறகு குடியேறிய அடுக்குமாடி வீடுகளிலும் இந்தக் காட்சி உண்டு. பிள்ளைகளுக்கு அது பழைய சாமான். ஆனால் அந்தப் பெட்டி ஒரு வரலாற்று நூல். படிக்கத் தெரிந்தால் போதும். அதை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் அந்த ஓய்வு நாளையே எடுத்துக்கொள்வோம். ஓய்வு என்பது தானாக வந்ததா? இல்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குவதை நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் வந்து போகத் தடை இருக்கக்கூடாது என்றெல்லாம் கேட்டார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார்களுக்கும் அலுவலர்களுக்கும் எதிரே சைக்கிளில் ஏறிச் செல்லத் தங்களை அனுமதிக்க வேண்டும் என்பது அது. அதுவரை துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. அந்தப் போராட்டம் இராணுவத்தைக் கொண்டு அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் தாத்தாவின் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்கிறதா? பழைய இரும்புக்காரனுக்குப் போடுவதற்கு முன் ஒரு கணம் அதைப் பாருங்கள். ஒரு மனிதன் தன் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதையே கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டியிருந்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்பதைச் சுதந்திரக் கால மலாயாவில் உறுதி செய்தது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1957இல். ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூப்பறிக்க நமக்குக் கிடைத்த நேரமும் முன்னோர் சேர்த்து வைத்த சொத்துத்தான்.

இனிப் பூவைப் பார்ப்போம். வேலியில் பூக்கும் செம்பருத்தியை 1960ஆம் ஆண்டு தேசிய மலராக அறிவித்தார் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். 'புங்கா ராயா' என்று நாடே கொண்டாடுகிறது. அதற்கு முன் வேளாண்மை அமைச்சு சில மலர்களைப் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் செம்பருத்தியோடு மல்லிகையும் தாமரையும் இருந்தன. மலாய்க்காரர்கள் 'தஞ்சோங்' என்று சொல்லும் மகிழம்பூவும் இருந்தது. நம் பாட்டிமார் தலையில் சூடிய பூக்களும் கோயிலில் சாத்திய பூக்களும் இந்த மண்ணின் பூக்களாகவே எண்ணப்பட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? செண்பகத்தை மலாய் மொழியிலும் 'செம்பாக்கா' என்றுதான் சொல்கிறார்கள். ஒரே பூ, ஏறத்தாழ ஒரே பெயர்.

பூச்செடிகளும் மனிதர்களைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவைதாம். மாலைக்கு உதவும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. வேலிக்கு அழகு தரும் காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நாம் சீவிய பால்மரமும் அதே தென் அமெரிக்காவின் பிரேசில் நாட்டு மரம். அந்த மரம் வந்த கதை ஆண்டு வாரியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு, 1877இல், அங்கே முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் விற்பனைக்காக ரப்பர் பயிரிடத் தொடங்கினார். மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி கண்டறிந்தார்.

பாருங்கள், 22 கன்றுகளுக்குக் கணக்கு இருக்கிறது. கோலகங்சாரில் ஒரு பழைய ரப்பர் மரத்தைச் சுற்றி வேலி கட்டிப் பெயர்ப் பலகையும் வைத்திருக்கிறார்கள். அந்த மரங்களுக்குப் பின்னால் காடழித்து, கன்று நட்டு, உளி பிடித்து, மங்கு கழுவி, வாளி சுமந்த மனிதர்களுக்கு அத்தனை துல்லியமான வரலாறு எங்கே இருக்கிறது? கப்பல் கம்பெனிக் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்திலும் அவர்கள் தலை எண்ணிக்கையாக இருக்கிறார்கள். மனிதர்களாக அவர்கள் இருக்கும் இடம் அந்தத் தகரப் பெட்டி ஒன்றுதான்.

பெட்டி என்ற சொல்லையே கவனியுங்கள். மலாய் மொழியில் பெட்டிக்கு 'பெத்தி' என்று பெயர். அது தமிழிலிருந்து சென்ற சொல். கடை 'கெடாய்' ஆனதைப் போல, பெட்டியும் பழங்காலத்து வணிகர்களோடு கடல் கடந்து போய் அந்த மொழியில் குடியேறிவிட்டது. தோட்டத் தொழிலாளி தலையில் பெட்டியோடு வந்து இறங்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அவனுடைய சொல் இங்கே வந்து காத்திருந்தது.

அந்தத் தொழிலாளி எப்படி வந்தான்? தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்தான். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாத முறை அது. 1910ஆம் ஆண்டில் அந்த முறையை நிறுத்த முடிவாயிற்று. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் உரிமப் பத்திரத்தோடு தம் சொந்த ஊருக்கே போய், உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து மக்கள் புறப்பட்டார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, மேல்தட்டில் படுத்து வந்து, பினாங்கில் இறங்கினார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை இப்படி ஆள் கட்டி அனுப்புவதற்குத் தடை போட்டது. அதற்குப் பின்னும் சொந்தச் செலவில் போக்குவரத்து நடந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்களின் முகம் மாறும். 1970களின் தொடக்கத்தில் அது ஓய்வு பெற்ற பின் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985இல் நடந்த தீ விபத்தோடு அதுவும் நின்றது. உங்கள் பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும் கப்பல் சீட்டோ பயணக் கடவுச்சீட்டோ இந்த நெடுங்கதையின் ஒரு பக்கம்.

அடுத்துப் பாத்திரங்கள். குத்துவிளக்கும் செம்பும் வெறும் பித்தளை என்று நினைக்க வேண்டாம். அவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பையும் அடிப்புறத்தையும் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். நம்மவர்களுக்குப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. புள்ளி புள்ளியாக உளியால் தட்டி, பெண்ணின் பெயரும், தகப்பன் பெயரின் முதலெழுத்தும், சில வேளைகளில் ஊரும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். மன்னர்கள் கோயில் சுவரில் கல்வெட்டு எழுதினார்கள். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத நம் கொள்ளுப்பாட்டியின் பெயரை எழுத்தில் தாங்கியிருக்கும் ஒரே இடம் ஒரு செம்பின் விளிம்பாக இருக்கலாம். ஈயம் பூசுகிறேன், பழையதுக்குப் புதியது தருகிறேன் என்று யார் வந்து கேட்டாலும், கொடுப்பதற்கு முன் அந்த எழுத்தைப் படித்துவிடுங்கள்.

தங்கத்துக்கும் வருவோம். தாலி, தோடு, மூக்குத்தி என்று குந்துமணித் தங்கமானாலும் அதற்கு ஒரு பயணம் உண்டு. அது வீட்டிலிருந்து அடகுக் கடைக்கும், அடகுக் கடையிலிருந்து வீட்டுக்குமாகப் பல முறை நடந்திருக்கும். மகன் படிப்புக்கு ஒரு முறை, மகள் பிரசவத்துக்கு ஒரு முறை. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து உதவி கேட்டபோது, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழ்ப் பெண்கள் பலர் போட்டிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் பலர் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். ஆகவே, 'பாட்டிக்கு ஏன் தோடு இல்லை?' என்ற கேள்விக்கும் சில வீடுகளில் ஒரு வரலாற்று விடை இருக்கும். நாம் 'ரிங்கிட்' என்பதை 'வெள்ளி' என்று சொல்லுகிறோமே, அதுவும் அன்றைய நாணயம் வெள்ளிக் காசாக இருந்த நினைவுதான்.

வெள்ளிக் காசுக்கு அடுத்து, பெட்டியில் ஒரு கட்டுக் காகிதப் பணமும் இருக்கக்கூடும். வாழை மரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டு அது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1945 வரை ஆண்டார்கள். அவர்கள் அச்சடித்த அந்தப் பணம், போர் முடிந்ததும் வெறும் தாளாகிவிட்டது. உழைத்துச் சேர்த்தது ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனதைப் பார்த்த தலைமுறை அது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று, சாக்கைக் கிழித்து உடுத்திப் பிழைத்த தலைமுறை. அதனால்தானோ என்னவோ, அவர்கள் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள்.

அந்தக் காலத்தின் பெருந்துயரம் சயாம் ரயில் பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் அங்கேயே மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்த பலகை. அதே பாதையில் அதே நாளில் இறந்த தோட்டத் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த இடம் கிடைக்கவில்லை. அவர் போகும்போது விட்டுச் சென்ற ஒரு வெற்றிலைப் பெட்டியோ, ஒரு வேட்டியோ, ஒரு மங்கிய படமோ உங்கள் வீட்டில் இருக்குமானால், அவருக்குரிய நினைவுச் சின்னம் அதுதான். ஓய்வு நாளில் அந்தப் படத்துக்கு ஒரு முழம் பூச் சார்த்துவது வெறும் சடங்கல்ல. ஊர் மறந்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குச் சமம்.

இனிக் காகிதங்கள். நேயர்களே, இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். நகையைவிட விலை உயர்ந்த பொருள் அந்தப் பெட்டியில் இதுதான். 1948இல் அவசரகாலம் தொடங்கியபோது மலாயாவில் அடையாளக் கார்டு வந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு வழி திறந்தது. அன்று தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்த பலருக்குச் செய்தி எட்டவில்லை; எட்டியவர்களில் சிலருக்கு மனு எழுதித் தர ஆளில்லை; சிலர் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றிருந்தார்கள். அவர்கள் கையில் சிவப்பு அடையாளக் கார்டே தங்கிவிட்டது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் பல்லாயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை என்பது 1960களிலிருந்து நெடுங்காலம் சட்டமாக இருந்தது. அதை மெய்ப்பிக்க எது வேண்டும்? தாத்தாவின் கார்டு, பாட்டியின் பிறப்புப் பத்திரம், அப்பா அம்மாவின் திருமணப் பதிவு. தோட்டத்து மருத்துவமனையில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்ட ஒரு பிள்ளை, பள்ளிக்கூடம் சேரப் போகும்போது அந்தத் தாளின் விலை தெரியும்.

இன்னொரு தாளும் இருக்கலாம். 1950களிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில், மறு ஆண்டு கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரம் சீவியவன் மரத்துக்குப் பங்காளியானான். உங்கள் பாட்டனார் பெயரில் ஒரு பங்குப் பத்திரம் மடித்துக் கிடந்தால், அது வீட்டுப் பெருமை. வாரிசு உரிமையும் அதில் இருக்கக்கூடும். சங்கத்தில் விசாரிப்பது நல்லது.

பின்னாளில் பல தோட்டங்கள் நகரங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்கள் இடிந்தன. கோயிலும் பள்ளிக்கூடமும் இடம் மாறின. வீடு மாறும் அவசரத்தில் முதலில் குப்பைக்குப் போவது பழைய பெட்டிதான். அதோடு போவது தகரம் மட்டுமல்ல என்று இதுவரை சொன்னவற்றிலிருந்து உங்களுக்கு விளங்கியிருக்கும்.

ஆகவே அடுத்த ஓய்வு நாளில் குடும்பமாக உட்கார்ந்து சில காரியங்கள் செய்யலாம். முதலாவது, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் பெரியவர் கையில் கொடுத்து, 'இது யாருடையது? எப்படி வந்தது?' என்று கேளுங்கள். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதட்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பவை முக்கியம். பெரியவருக்கு ஆண்டு நினைவில்லை என்றால், 'ஜப்பான்காரன் வருமுன்னா, பின்னா?' என்று கேட்டால் வந்துவிடும்.

இரண்டாவது, படங்களின் பின்புறத்தில் இருப்பவர் பெயரைப் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். கிழிந்த தாளில் ஒட்டும் நாடா ஒட்ட வேண்டாம்; சில ஆண்டில் அது மஞ்சளாகிக் கறை பிடிக்கும். ஈரமும் இராமபாணப் பூச்சியும் கரையானும் தாளுக்குப் பகை. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, அவ்வப்போது நிழலில் காற்றாட விடுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பதிவு ஆகியவற்றுக்கு நகல் எடுத்து, அசலை ஓரிடத்திலும் நகலை வேறோரிடத்திலும் வையுங்கள்.

மூன்றாவது, பூச்செடிகளை மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு மல்லிகை யார் வீட்டுப் பதியன்? அத்தை வீட்டுச் செடியா, அடுத்த வீட்டு மக்சிக் கொடுத்ததா? வீடு மாறும்போது செடியை வேரோடு கொண்டுபோக முடியாது. ஆனால் ஒரு கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போட்டால், வேர் விட்டதும் ஒரு சின்னத் தொட்டியில் அது உங்களோடு வரும். அடுக்குமாடியின் பத்தாவது மாடியிலும் பூக்கும்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள் என்பதுதான் இந்த உரையின் சாரம். செம்பு காத்திருக்கும், தாளும் சில காலம் காத்திருக்கும். அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடிய குரல் அவ்வளவு நாள் காத்திராது.